ராக் பாடலில் புத்தர்: எந்தத் துக்கம் பாடப்படுகிறது?

ராக் பாடல்களில் பௌத்தத்தைத் தேடி எடுத்துக் காட்டுவது மேற்கத்திய இசை விமர்சனத்தில் பழகிப்போன ஒன்று. ஒரு பாடலில் நிலையாமை, மற்றொன்றில் பற்றறுத்தல், வேறொன்றில் 'நான்' என்பதன் கரைவு எனப் பட்டியல் நீளும். அதைப் படிக்கும் மாணவர்களிடம் நாம் முன்வைக்கும் கேள்வி ஒன்றே: அங்கே பாடப்படும் துக்கம் யாருடையது?

1966இல் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனான் எழுதிய 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலுக்கு மூலம், திபெத்திய இறந்தோர் நூலைப் போதை அனுபவத்திற்கான கையேடாக மாற்றி எழுதிய ஓர் அமெரிக்க நூல். ராக் இசைக்குள் பௌத்தம் பெரும்பாலும் இவ்வாறு தனிமனித மனப் பயணமாகவே நுழைந்தது. 1973இல் ஸ்டீலி டேன் குழு 'போதிசத்வா' என்ற பாடலில் இந்தக் கீழைத்தேய மோகத்தையே எள்ளி நகையாடியது.

அம்பேத்கரின் பௌத்தம் வேறு திசையில் நடப்பது. அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரை, நால்வகை வாய்மைகள் புத்தரின் மூல உபதேசம்தானா, பிற்காலப் பிக்குகளின் சேர்க்கையா என்றே வினவுகிறது. பிறப்பும் வாழ்வும் இறப்பும் மறுபிறப்பும் துக்கமே என்றால் மனிதனுக்கு நம்பிக்கை ஏது என்பது அவரது வாதம். தனித்திருக்கும் ஒருவனுக்குத் தம்மம் தேவையில்லை; இருவர் சேர்ந்து வாழும்போதே அது தவிர்க்கவியலாததாகிறது என்கிறார். துக்கம் மனத்தில் மட்டுமன்று, மனிதர் மனிதரை நடத்தும் முறையிலும் இருக்கிறது.

இதற்கு நம் மக்கள் விலையும் கொடுத்திருக்கிறார்கள். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கருடன் இலட்சக்கணக்கானோர் பௌத்தம் ஏற்றனர். ஆனால் 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியினராகக் கருதவில்லை. 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். பௌத்தர்களோ 1990 திருத்தம் வரை, 34 ஆண்டுகள் வெளியே நிறுத்தப்பட்டனர். மதம் மாறினாலும் ஊர் அவர்கள் சாதியை மறக்கவில்லை. சட்டம் மட்டும் மறந்தது. பௌத்தத்தை மனஅமைதியின் மறுபெயராகச் சுருக்கும்போது இந்த வரலாறும் சேர்ந்தே அழிகிறது.

மேற்கில் மாற்றுக் குரலே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ராப்பையும் ராக்கையும் கலந்து பாடிய பீஸ்டி பாய்ஸ் குழுவின் ஆடம் யாக், 1994இல் போதிசத்துவ உறுதிமொழியைப் பாடலாக்கினார். அதே இசைத்தொகுப்பில் திபெத்தியப் பிக்குகளின் ஓதுகுரல் பயன்படுத்தப்பட்டது. அதற்கான உரிமத்தொகை திபெத்தியருக்கே சேரவேண்டும் என்ற எண்ணத்தில் மிலரேபா நிதியம் பிறந்தது. அதன் முயற்சியால் 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் திபெத் விடுதலைக்கான மாபெரும் இசைவிழா நடந்தது. கருணை அங்கே சொல்லோடு நிற்காமல் கடமையானது.

நம் மண்ணிலும் இதற்கு மரபு உண்டு. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்தே, 2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' தன் பெயரைப் பெற்றது. கானா, ராப், ராக் மூன்றும் கலந்த அவர்களின் பாடல்கள் இட ஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் பேசுகின்றன. புத்தரின் பெயர் வராத பாடலிலும் சமத்துவம் ஒலித்தால் அங்கே தம்மம் இருக்கிறது என்பதே நம் வாசிப்பு.

எனவே பாடல்களில் பௌத்தத்தைத் தேடுங்கள், தடையில்லை. ஆனால் சார்பில் தோற்றம் என்னும் கோட்பாட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். எதுவும் காரணமின்றித் தோன்றுவதில்லை. காரணம் நீங்கின் விளைவும் நீங்கும். சாதிக்கும் அது பொருந்தும். அந்தக் காரணங்களைச் சுட்டிப் பாடத் துணியும் குரலே நமக்குத் தேவை.