24 வருஷம் ஏறாத வரி! சென்னை மாநகராட்சி கஜானா வறண்டது எப்படி?
திருக்கடையூருக்கும் பாடம் உண்டு

திருக்கடையூர்,

சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே மூத்தது. 1688-ல் பிறந்தது. அப்பேர்ப்பட்ட மாநகராட்சியே பல வருஷம் பணத்துக்கு திண்டாடியது.

காரணம் என்ன? டீக்கடையில் கேட்டால் "எல்லாம் சுருட்டல்தான்" என்பார்கள். ஆனால் கணக்குப் புத்தகத்தை புரட்டினால் வேறொரு விஷயம் கண்ணில் படுகிறது. அதுதான் சொத்து வரி!

தூங்கிய வரி

மாநகராட்சியின் சொந்த வருமானத்தில் பெரும்புள்ளி சொத்து வரிதான். சென்னையில் 1998-ல் அதை சீரமைத்தார்கள். 2008-ல் மற்ற மாநகராட்சிகளில் வரி ஏறியது. சென்னையில் ஏறவில்லை. 2018-ல் ஏற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2019 நவம்பரில் அதையும் நிறுத்தி வைத்தார்கள். கூடுதலாக கட்டிய பணத்தை அடுத்த அரையாண்டுகளில் கழித்துக் கொள்ளச் சொன்னார்கள்.

வரி தூங்கியது. செலவு தூங்குமா? சம்பளம், பென்ஷன், டீசல் எல்லாம் ஏறின. ஊரும் வீங்கியது. 2011-ல் 174 சதுர கிலோ மீட்டர் 426 ஆனது. 155 வார்டு 200 ஆனது. அத்தனைக்கும் ரோடு, விளக்கு, குப்பை லாரி வேண்டாமா?

போதாக்குறைக்கு 2016 அக்டோபரில் கவுன்சிலர்கள் பதவி முடிந்தது. 2022 பிப்ரவரி வரை தேர்தலே இல்லை. தேர்தல் நடக்காததால் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்கு வரவேண்டிய மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஒரே போடு!

2022 ஏப்ரலில் வந்தது அறிவிப்பு. பழைய சென்னை பகுதியில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 50 சதவீதம் உயர்வு. 1,200 வரை 75. 1,800 வரை 100. அதற்கு மேல் 150. கடைக்காரர்களுக்கும் 150!

இதையே வருஷா வருஷம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால்? ஆயிரம் ரூபாய் வரியை ஆண்டுக்கு 3 சதவீதம் கூட்டினால் 24 வருஷத்தில் 2,000-த்தை தாண்டிவிடும். முதல் வருஷம் கூடுவது 30 ரூபாய். கடைசி வருஷம்கூட 60 ரூபாய்க்குள்தான். யாருக்கும் வலித்திருக்காது.

நியூயார்க்கில் நடந்தது

பணக்கார ஊருக்கும் இந்த கதி வரும். நியூயார்க் நகரம் அன்றாட செலவுக்கே கடன் வாங்கியது. 1975-ல் கடன் கொடுப்பார் இல்லை. குப்பை அள்ளுவோரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மற்றவர்கள் ஸ்டிரைக் செய்ய, தெருவெல்லாம் குப்பை மலை! ரயில் கட்டணம் 35 சென்ட்டிலிருந்து 50 ஆனது. இலவசமாக இருந்த நகரக் கல்லூரிகளில் 1976-ல் சம்பளம் வந்தது.

கஜானா காலியானால் அடி விழுவது சாமான்யன் தலையில்தான்.

வழி என்ன?

வருஷா வருஷம் சின்ன உயர்வு. இது 2024-ல் சென்னையில் 6 சதவீதமாக வந்துவிட்டது. ஆனால் ஏற்றினால் மட்டும் போதாது. பெரிய பாக்கிக்காரர்களிடம் வசூலிக்க வேண்டும். ஒழுங்காக கட்டுபவனையே மேலும் மேலும் பிழிந்தால் அவனும் கட்டமாட்டான்.

கடன் வாங்கலாம். சம்பளம் போட அல்ல, நிலைத்து நிற்கும் வேலைக்கு. 2025 மே மாதம் சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்கு பத்திரம் விற்றது. கொசஸ்தலையாறு பகுதி மழைநீர் வடிகாலுக்காக. அது சரியான வழி.

நம்ம ஊர் கதை

திருக்கடையூர் கிராம ஊராட்சிதான். ஆனால் கூட்டம் டவுனுக்கு வருகிற கூட்டம். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். மாலை, வாழை இலை, தண்ணீர் பாட்டில் எல்லாம் தெருவில்தான்.

லாட்ஜில் கட்டும் ஜி.எஸ்.டி. மத்திய, மாநில அரசுகளுக்கு போகிறது. ஊராட்சிக்கு வரும் மாநில நிதியோ பெரும்பாலும் ஊர் ஜனத்தொகையைப் பார்த்துத்தான். வந்து போகிறவர் தலையை யாரும் எண்ணுவதில்லை. மிச்சம் வீட்டு வரி, தண்ணீர் கட்டணம், தொழில் வரி.

2025 ஜனவரியில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்கு போனது. சென்னை பட்ட அதே பாடு!

யாத்ரீகர் கூட்டத்தையும் கணக்கில் எடுத்து நிதி தர வேண்டும் என்று அரசிடம் கேட்பது நியாயம். அதற்கு முன், வசூல் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, பாக்கி வைத்திருப்பது யார் என்று ஊரார் கேட்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 தேதிகளில் கிராம சபை கூடும். வாய் திறக்க வேண்டிய இடம் அதுதான்.