சின்ன அறை, மூன்று பிள்ளைகள்



பெருநாள் நெருங்கினால் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது நம்மவர்களின் வழக்கம். முதலில் ஹோல். விருந்தாளிகள் வந்து உட்காரும் இடமல்லவா? அடுத்தது முன் விறாந்தை. அதன் பிறகு நமது அறை. பிள்ளைகளின் அறைக்கு வாளியின் அடியில் மிஞ்சியதுதான், அதுவும் மிஞ்சினால். 'அந்த அறையை யார் பார்க்கப் போகிறார்கள்?' என்று நாம் நினைக்கிறோம். எங்கள் வீட்டிலும் பல வருடங்களாக இப்படித்தான் நடந்து வந்தது.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் மகள், ஒன்பது வயது. அடுத்து ஏழு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு ஆண் பிள்ளைகள். மூவருக்கும் பத்தடிக்கு ஒன்பதடியில் ஒரே அறை. அதில் ஒரு பழைய இரட்டைக் கட்டில், ஓர் அலுமாரி. மூவரும் ஒரே கட்டிலில் குறுக்காகப் படுப்பார்கள்.

மகளிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் முத்திரைகள், மணிகள், மத்ரஸாவில் கிடைத்த ஒரு சான்றிதழ், அவள் வரைந்த படங்கள். ஒருநாள் சின்னவன் அதைத் திறந்து சான்றிதழின் மேல் பேனையால் கிறுக்கி விட்டான். அவள் என்னிடம் வந்து முறையிட்டாள். "நீதானே மூத்தவள், அவன் சின்னப் பிள்ளைதானே, விட்டுக் கொடு" என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

இரண்டு கிழமை கழித்து, குசினியில் அரிசி வாளியை நகர்த்திய போது அதற்குப் பின்னால் அந்த டின் இருந்தது. ஷொப்பிங் பையால் சுற்றி, நூலால் கட்டி வைத்திருந்தாள். "ஏன் மகள் இங்க வச்சீங்க?" என்று கேட்டேன். "வேற எங்க வைக்கிற உம்மா? என்ட சாமான் வைக்க நம்மட வீட்ல இடம் இல்லியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் என்னை உறுத்தியது.

சகோதரிகளே, நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களின் சம்பவத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவருடைய தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்தார். நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வேண்டும் என்று தாயார் கேட்டுக் கொண்டார். தந்தை நபியவர்களிடம் சென்ற போது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று அவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளுக்கிடையில் நீதமாக நடக்கும்படி கூறிச் சாட்சியாக இருக்க மறுத்து விட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. காணி பூமி பங்கிடும் போது இந்த ஹதீஸை நினைவுபடுத்துகிறோம். ஒரு தட்டு, ஒரு கொளுவி, ஒரு தலையணை கொடுக்கும் போதும் இது நமக்குப் பொருந்தும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அந்த வருடம் பெயின்ட் வேலையைப் பிள்ளைகளின் அறையிலிருந்து தொடங்கினோம். நாங்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்றதை எடுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் அறையைக் காலி செய்யுங்கள்

சாமான்கள் எல்லாவற்றையும் பின் விறாந்தைக்கு எடுத்துப் போட்டோம். வந்தவற்றைப் பார்த்தால் பாதி பிள்ளைகளுடையவை அல்ல. என் கல்யாணப் புடவைப் பெட்டி, பழுதான தையல் மெஷின், இரண்டு சூட்கேஸ், ஓடாத மின்விசிறி. அறை சிறியது என்று நாம் குறைப்படுகிறோம். உண்மையில் அதை நமது களஞ்சியமாக வைத்திருக்கிறோம். தேவையானதை வேறிடத்தில் வைத்து, பாவிக்கக் கூடியதைத் தேவையுள்ளவர்களுக்குக் கொடுத்து விட்டாலே அறை ஒரு மடங்கு பெரிதாகும்.

அடுத்து அளவு. சதுரக் கொப்பியில் ஒரு சதுரத்தை அரையடி என்று வைத்து அறையை வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, யன்னல் எங்கே, பிளக் எங்கே என்று குறித்துக் கொள்ளுங்கள். கட்டில், மேசைகளை அதே அளவில் மட்டையில் வெட்டி, அந்தப் படத்தில் வைத்து நகர்த்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் இந்த வேலையைப் பிள்ளைகளே செய்தார்கள். இரும்புக் கட்டிலை நாலு தரம் இழுப்பதை விட மட்டைத் துண்டை நாற்பது தரம் நகர்த்துவது இலேசு.

படுக்கையைப் பிரித்தல்

ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழுகைக்கு ஏவும்படியும், பத்து வயதில் அதில் கண்டிப்புக் காட்டும்படியும், அவர்களின் படுக்கைகளைப் பிரித்து விடும்படியும் நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். அபூதாவூதில் வரும் இந்த ஹதீஸின் முற்பகுதி நமக்கு நன்றாகத் தெரியும். கடைசிப் பகுதியை மறந்து விடுகிறோம். 'வீட்டில் இடமில்லை' என்பது நாம் சொல்லும் காரணம்.

ஆளுக்கொரு அறை கட்டும்படி நமக்குச் சொல்லப்படவில்லை. ஆளுக்கொரு படுக்கை என்பதுதான் விடயம். அது அக்கா தம்பிக்கு மட்டுமல்ல, அண்ணன் தம்பிக்கும் அக்கா தங்கைக்கும் உரியது. ஒரே போர்வைக்குள் இருவர் என்ற பழக்கத்தைப் பத்து வயது வரும் வரை காத்திராமல் முன்கூட்டியே மாற்றி விட்டால் பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்காது.

இரட்டைத் தட்டுக் கட்டில் வாங்குவோமா என்று முதலில் யோசித்தோம். சிறிய அறைக்கு அது வசதிதான். ஆனால் எங்கள் அறையின் நடுவில் மேலே மின்விசிறி சுற்றுகிறது. மேல்தட்டில் எழுந்து நிற்கும் பிள்ளையின் கைக்கு அது எட்டும். ஆகவே அதைக் கைவிட்டோம். நீங்கள் வாங்குவதாக இருந்தால் மின்விசிறியைச் சுவருக்கு மாற்றுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே படுக்க வைக்காதீர்கள். சுவர்ப் பக்கம் உட்பட இரு பக்கமும் தடுப்புச் சட்டம் இருக்க வேண்டும். சட்டங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி மூன்றரை அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக் கொள்ளும் ஆபத்து உண்டு.

பழைய இரட்டைக் கட்டிலின் பலகையைக் கொண்டு ஓடாவியார் எங்களுக்கு மூன்று கட்டில்கள் செய்து தந்தார். எல்லாம் மூன்றடிக்கு ஆறடி. மகளுடையது ஒரு சுவரோடு. எதிர்ச் சுவரோடு பெரியவனுடையது. அதற்குக் கீழே சில்லு வைத்த தாழ்வான கட்டில் சின்னவனுக்கு. இரவில் அதை இழுத்துக் கொள்வோம், காலையில் உள்ளே தள்ளி விடுவோம். இதனால் பகலில் நடுவே நாலடி அகலம் கிடைக்கிறது. விளையாடவும் முஸல்லா விரிக்கவும் அது போதும். மகளின் கட்டிலை ஒட்டி ஒரு கம்பி கட்டி, பழைய புடவையில் திரை தைத்துப் போட்டேன்.

கட்டிலுக்கு வசதியில்லையா? வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆளுக்கொரு பாய், ஆளுக்கொரு தலையணை, ஆளுக்கொரு போர்வை போதும். நமது உம்மாமார் ஏழு எட்டுப் பிள்ளைகளைப் பாயில் படுக்க வைத்துத்தான் வளர்த்தார்கள். காலையில் அவரவர் பாயை அவரவர் சுருட்டி வைக்கப் பழக்குங்கள்.

ஒன்றை நினைவில் வைத்திருங்கள். இந்தத் திரை சில வருடங்களுக்குத்தான். மகள் பருவமடையும் காலத்தில் இந்த ஏற்பாடு போதாது. அப்போது அவள் உம்மம்மாவின் அறைக்கு மாற வேண்டும் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.

ஆளுக்கொரு இடம்

நீதம் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு என்று நினைக்க வேண்டாம். நான்கு வயதுக்காரனுக்குத் தேவை நிலம். அவனுடைய விளையாட்டுச் சாமான்களுக்கு மூடியில்லாத ஒரு கூடை, அவனே எடுத்து அவனே போடும் உயரத்தில். ஏழு வயதுக்காரனுக்குப் புத்தகப் பை, சப்பாத்து, பந்து வைக்க ஒரு தட்டு. மகள் அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுத இருந்தாள். அவளின் கால்மாட்டில் மிஞ்சிய மூன்றடியில் ஒரு சிறிய மேசை, ஒரு கதிரை, பூட்டுள்ள ஒரு லாச்சி.

"சின்னப் பிள்ளைக்குப் பூட்டா? உம்மாவுக்கு ஒளிக்க அவளிடம் என்ன இருக்கு?" என்று மாமி கேட்டார். ஒளிப்பதற்கல்ல மாமி, தம்பிமாரிடமிருந்து காப்பாற்றத்தான் என்றேன். ஒரு திறப்பு அவளிடம், மற்றது என்னிடம். அவள் இல்லாத நேரம் நான் அதைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அனுமதி கேட்டு நுழையும் ஒழுக்கத்தை அல்குர்ஆன் ஸூரத்துந் நூரில் சிறு பிள்ளைகளுக்கும் கற்றுத் தரச் சொல்கிறது. பஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் என்று மூன்று நேரங்களையும் குறிப்பிடுகிறது. நம் அறைக்குள் வர அவர்கள் அனுமதி கேட்க வேண்டுமென்றால், அவர்களின் திரைக்கு வெளியே நின்று நாம் ஒரு குரல் கொடுப்பதில் என்ன குறைந்து விடும்?

உடுப்பு மாட்டும் கொளுவிகளையும் அவரவர் தோளுயரத்தில் அடியுங்கள். கைக்கு எட்டாத கொளுவியைக் காட்டி, உடுப்பைக் கீழே போடுகிறாய் என்று ஏசுவதில் நியாயமில்லை. அலுமாரியையும் உயரமான தட்டுகளையும் சுவரோடு இறுக்கி விடுங்கள். பிள்ளைகள் லாச்சியில் கால் வைத்து ஏறுவார்கள். அலுமாரி அப்படியே சரிந்து விடும்.

சுவரும் நிறமும்

பழைய பெயின்ட் உரிந்திருந்தால் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம். அதன் தூசி சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நமது நாட்டில் பெயின்டில் ஈயத்தின் அளவுக்குச் சட்டப்படி வரையறை நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முன் அடித்த சுவரானால் தண்ணீர் தெளித்து நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். அந்நேரம் பிள்ளைகள் வீட்டில் இருக்கக் கூடாது.

ஒரு லீற்றர் பெயின்ட் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 சதுர அடி வரும். எங்கள் அறையின் சுவர்கள், கதவும் யன்னலும் போக, சுமார் 300 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு ஐந்து லீற்றருக்கு மேல் போனது. அடித்த பின் வாடை போகும் வரை இரண்டு மூன்று இரவுகள் பிள்ளைகளை வேறிடத்தில் படுக்க வையுங்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை நோன்பில்தான் என்றாலும், நோன்போடு இந்த வேலை கஷ்டம். ஷஃபானிலேயே முடித்து விடுவது நல்லது.

நிறத்தில் சண்டை வந்தது. மகளுக்கு ஊதா, மகனுக்குப் பச்சை, சின்னவனுக்குச் சிவப்பு. சிறிய அறையில் மூன்று நிறமும் அடித்தால் கண் கூசும். சுவர் முழுதும் இளம் மஞ்சள் வெள்ளை என்று நாங்கள் தீர்மானித்தோம். வெளிர் நிறம் வெளிச்சத்தைக் கூட்டும். அவரவர் தட்டுக்கும் லாச்சிக்கும் கூடைக்கும் அவரவர் கேட்ட நிறம். அதை அவர்களே அடித்தார்கள். சின்னவனின் கையிலும் காலிலும் போனதுதான் அதிகம்.

சுவரில் கார்ட்டூன் உருவங்களும் நடிகர், விளையாட்டு வீரர் படங்களும் வேண்டாம். உருவங்கள் உள்ள திரைச்சீலையை நபி (ஸல்) அவர்கள் விரும்பாத போது ஆயிஷா (ரழி) அவர்கள் அதை வெட்டித் தலையணைகளாக்கிய செய்தி நமக்குத் தெரியும். அவர்கள் வீணாக எறியவில்லை என்பதையும் கவனியுங்கள். அதற்காகச் சுவர் வெறுமையாக இருக்க வேண்டியதில்லை. இலங்கைப் படம், பெருக்கல் வாய்ப்பாடு, தூங்கும் போதும் விழிக்கும் போதும் ஓதும் துஆக்கள், பிள்ளைகள் வரைந்த மரங்கள், தோணிகள், பள்ளிவாசல். ஒட்டுவதற்கு ஒரு பலகை அடித்துக் கொடுத்தால் சுவரும் பழுதாகாது.

காற்றும் வெளிச்சமும்

கட்டிலை யன்னலுக்கு நேர் கீழே போடாதீர்கள். சிறியவர்கள் ஏறி எட்டிப் பார்ப்பார்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. ஆகவே பகலில் தூங்கும் பிள்ளைக்கும் நுளம்பு வலை வேண்டும். எட்டும் உயரத்திலுள்ள பிளக்குகளுக்கு மூடி போடுங்கள். மெத்தைகளைக் கிழமைக்கொரு தரம் வெயிலில் போட்டால் தூசியும் ஈரமும் குறையும். முட்டு வருத்தமுள்ள பிள்ளைகளுக்கு இது மிக அவசியம். படுக்கப் போகு முன் விரிப்பைத் தட்டி விடுவது நபிவழி. அதைப் பிள்ளைகளே செய்யட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது சண்டையே இல்லை என்று சொன்னால் அது பொய். யார் லைட்டை அணைப்பது என்பதில் இன்னும் தினமும் தகராறு. ஆனால் வேலை முடிந்த அன்று அஸருக்குப் பின் மகள் குசினிக்கு வந்தாள். அரிசி வாளிக்குப் பின்னால் குனிந்து டின்னை எடுத்து, பையை அவிழ்த்து என் கையில் தந்து விட்டு, டின்னோடு தன் அறைக்குப் போனாள்.

சகோதரிகளே, இம்முறை பெயின்ட் வாங்கும் முன் பிள்ளைகளின் அறைக்குள் ஒரு தரம் போய் நில்லுங்கள். 'இதில் உங்களுடையது எது?' என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஒரு பிள்ளையாவது பதில் சொல்லத் தயங்கினால், வேலையை அங்கிருந்து தொடங்குங்கள். ஹோலுக்கு மிஞ்சியது போதும். வருகிறவர்கள் ஒரு கோப்பை தேநீர் குடித்து விட்டுப் போய் விடுவார்கள்.

நமது பிள்ளைகளுக்கிடையில் நீதமாக நடக்க அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக. இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.