ஆளில்லாத கடற்கரையா? அது ஓர் ஊர்!

சிதம்பரம் பக்கம் 'யாருக்கும் தெரியாத பீச்' என்று மொபைலில் தேடிப் பாருங்கள். ட்ரோன் மேலே எழும்பும். ஒரு பக்கம் அடர்பச்சைக் காடு, இன்னொரு பக்கம் கடல், நடுவே நீளமாக ஒரு மணல் கோடு. 'ஈ காக்கா இல்லை' என்று பெருமையாக ஒரு வரி. லைக் குவியும்.

அந்த மணல் கோட்டில் ஓரிடத்துக்கு எம்.ஜி.ஆர். திட்டு என்று பெயர். அங்கே ஆள் இல்லாமல் போனதற்கு ஒரு தேதி இருக்கிறது. ட்ரோனில் போனால் அந்தத் தேதி தெரியாது. நடந்து போனால் தெரியும். அதுவும் கடலிலிருந்து தள்ளி, நல்ல தண்ணீர் ஓடும் நாட்டிலிருந்து நடக்கத் தொடங்கினால் நன்றாகவே தெரியும்.

அதற்குக் கீரப்பாளையம் தோதான இடம். சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகும் சாலையில் இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். வீராணம், சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுப் பாசனம் பாயும் வட்டாரம். மாசி மாதத்தில் வந்தால் சம்பா அறுவடை முடிந்து, தாள் நிற்கும் வயலில் உளுந்தும் பச்சைப் பயறும் பச்சை கட்டி நிற்கும். இதற்காகத் தனியாக உழுவதில்லை. அறுவடைக்குச் சில நாள் முன்பே, நெல் நிற்கும்போதே ஈரத்தில் விதையைத் தூவிவிடுவார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும் போதும், பயிர் வந்துவிடும். தண்ணீரை இப்படிக் கடைசிச் சொட்டு வரை கணக்குப் பார்க்கும் மண் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் 20 கிலோமீட்டர் நடந்த பிறகு அதே தண்ணீர் வேறு வேலை செய்வதைப் பார்ப்பீர்கள்.

சிதம்பரம் வரைக்குமான சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. லாரியும் பஸ்ஸும் ஹாரனும்தான். டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சிதம்பரத்தில் ஒரு கேள்வி. ஊருக்கே தில்லை என்று பேர். நடராஜர் கோயில் தலமரமும் தில்லைதான். மரம் எங்கே? ஊருக்குள் தேடினால் கிடைக்காது. கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போக வேண்டும், பிச்சாவரத்துக்கு. உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்று நிலத்தில் வளரும் மரம் அது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் கிளையை ஒடித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். உதிரும் முன்னால் அதன் இலை நல்ல சிவப்பாக மாறும். படம் எடுக்க அது போதும்.

கிள்ளை வரும்போதே காற்றில் உப்பு வாடை வந்துவிடும். கடலை நோக்கிய இந்த நடை இந்த வட்டாரத்துக்குப் புதிது அல்ல. ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயிலின் உற்சவர் ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்துக்காகக் கிள்ளைக்கு வருகிறார். வழியெல்லாம் ஊர் ஊராக நின்று, மண்டகப்படி ஏற்று, நாள் கணக்கில் நடக்கும் பயணம். கிள்ளையில் அவரை மாலையோடும் பட்டோடும் வரவேற்பவர்கள் இஸ்லாமியர்கள். கோயில் மரியாதை அங்குள்ள தர்காவுக்குப் போகிறது. பிறகுதான் கடலில் தீர்த்தவாரி. அது நடக்கும் கரையின் பெயர் முழுக்குத்துறை. முழுக்குப் போடும் துறை, அவ்வளவுதான். ரீல்ஸ்காரர்கள் எத்தனை யோசித்தாலும் இத்தனை பொருத்தமாக ஒரு பெயர் வைக்க முடியாது.

ஒன்றுக்கும் உதவாத நிலம்?

கிள்ளையைத் தாண்டினால் வயல் மெல்லக் கரைகிறது. முதலில் நெல் நின்றுபோகிறது. பிறகு வேலிக் கருவை. பிறகு அதுவும் இல்லாமல் வெளுத்த, வெடித்த சேற்று வெளி. வெயில் காலத்தில் மேலே உப்பு பூத்துக் கிடக்கும். அங்கங்கே உமரி மட்டும் சிவப்பும் பச்சையுமாகத் தரையோடு படர்ந்திருக்கும். உமரியைக் கீரையாகச் சமைப்பதும் உண்டு. வேகவைத்த தண்ணீரை ஒன்றிரண்டு முறை கொட்டிவிட்டால் உப்பு மட்டுப்படும்.

இங்கிலாந்தில் 'மூர்' என்று ஒரு நிலம் உண்டு. மரமில்லாத, உழவுக்கு ஆகாத, ஈரமான மேட்டு வெளி. அதைக் கடந்து யாருமில்லாத கடற்கரைக்கு நடப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு. கடலோரம் முழுக்க நடந்து போகும் பாதை வேண்டும் என்று 2009-ல் சட்டமே போட்டார்கள். நம்மிடம் அந்த மேட்டு வெளிக்கு நிகரானது இந்த உவர் வெளிதான். ஆனால் நாம் இதைப் பார்க்கும் விதம் வேறு. நம் பேச்சில் இது 'சும்மா கிடக்கிற புறம்போக்கு'.

சும்மா கிடக்கிறது என்று நினைத்ததால் நடந்தவை பல. 1990-களில் இறால் பண்ணைகள் தமிழகக் கடலோரம் முழுக்க இப்படிப்பட்ட நிலங்களைத்தான் தேடி வந்தன. பக்கத்து வயலும் கிணறும் உப்பாகிறது என்று மக்கள் போராடினார்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த பண்ணைகளுக்குத் தடை விதித்தது. 2005-ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் உரிமம், விதிமுறை என்று கதவை மறுபடி திறந்தது. அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

இந்த வெளியில் நடப்பவர்கள் வழியிலிருந்து விலகக் கூடாது. மேலே காய்ந்த தரை போலத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை இழுத்துவிடும். உள்ளூர்க்காரர் துணை இல்லாமல் இறங்க வேண்டாம். சதுப்புக் காடு வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருப்பதால் நினைத்த இடத்தில் நுழையவும் முடியாது.

இந்தச் சேற்றை உள்ளங்கை போல அறிந்தவர்கள் இருளர்கள். வாய்க்காலில் மார்பளவு தண்ணீரில் இறங்கி, கையாலேயே தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. வலையும் படகும் இல்லாத தொழில். படகில் போகும் சுற்றுலாப் பயணிகள் இவர்களைப் பார்த்து 'குளிக்கிறாங்க' என்று நினைத்துக்கொள்வதும் உண்டு!

பிச்சாவரம் காட்டில் சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை என்று மரங்கள். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே கடல். கடல்நீர் ஒரு பக்கம் ஏறி வர, கான்சாகிப் வாய்க்கால் வழியாக வயல்களில் மிஞ்சிய நல்ல தண்ணீர் இன்னொரு பக்கம் வந்து சேர்கிறது. உப்பும் இனிப்பும் கலந்தால்தான் இந்தக் காடு தழைக்கும். மேற்கே பயிருக்குப் பாய்ந்த தண்ணீரின் மிச்சம் இங்கே மரமாக நிற்கிறது.

ஒரு காலத்தில் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து விறகாக்கினார்கள். வெட்டிய இடத்தில் மண் அமிழ்ந்து பள்ளமானது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற முடியாமல் தேங்கியது. வெயிலில் வற்றி உப்பு ஏறியது. பிறகு அங்கே கன்று முளைக்கவில்லை. மரம் அழிந்ததற்குச் சுற்றுப்புற மக்களைக் குறை சொல்வதே அப்போது வழக்கம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் வனத்துறையுடனும் ஊர் மக்களுடனும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டிப் பார்த்தது. ஓதம் உள்ளே வந்து வெளியே போக வழி கிடைத்தது. உப்பு குறைந்தது. நட்ட கன்று பிழைத்தது. 2022-ல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது பாராட்டு பலருக்கும் போனது. மண்வெட்டி பிடித்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

2004 டிசம்பர் 26

காட்டைத் தாண்டிக் காலால் போக முடியாது. படகு வேண்டும். தாண்டினால் மணல் திட்டு. ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் வங்கக் கடல். எம்.ஜி.ஆர். திட்டில் மீனவர்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். வாசலில் நின்றே காற்றையும் அலையையும் பார்த்து, இன்றைக்கு இறங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். கடல் தொழிலுக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடியில் நிலம் குலுங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. காலை 9 மணி வாக்கில் அலை வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். திட்டில் இருந்தவர்களுக்கு ஓட மேடு இல்லை. முன்னால் கடல், பின்னால் காயல்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் டேனியல்சன் குழுவின் ஆய்வு வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட இடம் இதே கடலூர் மாவட்டக் கடற்கரை. கரையை ஒட்டித் திறந்து கிடந்த ஊர்கள் அழிந்தன, சதுப்பு மரக்காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின என்றது அது. இப்படிப்பட்ட முடிவுகளை வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த ஊர்களைக் காப்பாற்றியது மரமா, கடலிலிருந்து இருந்த தூரமும் மேடுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கீரப்பாளையத்திலிருந்து நடந்து வந்தவருக்கு ஒன்று புரியும். தூரம், மேடு, மரம் மூன்றும் சேர்ந்ததுதான் அந்தப் 'புறம்போக்கு'. அதற்குப் பின்னால் இருந்தவர்களுக்கு மூன்றும் இருந்தன. திட்டில் ஒன்றுகூட இல்லை.

உயிர் பிழைத்தவர்கள் கிள்ளைப் பக்கம் உள்ளே தள்ளிக் குடியமர்த்தப்பட்டார்கள். காங்கிரீட் வீடு, பள்ளி, சாலை கிடைத்தது. பதிலுக்குக் கடல் தூரமானது. வீட்டு வாசலில் கட்டியிருந்த படகு இப்போது எங்கோ நிற்கிறது. காயலைக் கடந்து முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். அங்கே மணல் மேடிட்டால் படகு தரைதட்டும், டீசலும் நேரமும் வீண். பாதுகாப்பும் பிழைப்பும் ஒரே இடத்தில் கிடைக்காத நிலை கடலோரத்தில் பல ஊர்களுக்கும் உண்டு.

ஆக, ட்ரோனில் தெரியும் அந்த வெறுமை இயற்கை தந்தது இல்லை. அங்கே அடுப்பு எரிந்தது, கல்யாணம் நடந்தது, குழந்தைகள் விளையாடின. வீடியோவில் ஊரின் பெயரைச் சேர்க்க ஒரு வரிதான் ஆகும்.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தைத் தவிர்த்து, தை, மாசியில் போங்கள். விடியலில் கிளம்பினால் வெயில் ஏறும் முன் உவர் வெளியைக் கடக்கலாம். தண்ணீரைச் சிதம்பரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பிச்சாவரத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுத் துறை இருக்கிறது. எதுவரை போக அனுமதி, திரும்ப எத்தனை மணி ஆகும் என்று ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். திட்டில் நிழல் கிடையாது, கடலில் இறங்குவது ஆபத்து. கொண்டுபோகும் பிளாஸ்டிக் உங்களோடே திரும்பட்டும்.

டிசம்பர் 26 மட்டும் வேண்டாம். இறந்தவர்களுக்கு அவர்கள் வீட்டார் பூ போடும் நாள் அது.