தினம் ஒரு வசனம் போதுமா?

காலண்டரில் தினம் ஒரு வசனம் படிக்கிறோம், நல்லதுதான். ஆனா படிச்சதோட கடமை முடிஞ்சிடுமா? முடியாது என்பதே என் கருத்து.

ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பாருங்க. ஆண் டாக்டர் கூடாதுன்னு வீட்டார் மறுத்ததால், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தாங்க. அதைக் கேட்டு அழுததோட அவர் நிற்கவில்லை, டாக்டருக்குப் படித்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி! அதுதான் வளர்ந்து இன்றைய சி.எம்.சி.

நம்ம வகுப்பிலும் சாப்பாடு கொண்டுவராத தோழன் உண்டு, யாரும் பேசாத புதுப் பையன் உண்டு. ஜெபத்தில் அவன் பேரைச் சொன்னா மட்டும் போதாது. பக்கத்துல போய் உட்காரணும். அதுவும் தினமும்! செய்வோமா?