முதல்ல வேர், அப்புறம்தான் தண்ணி

மீன்தொட்டியின் தரை முழுக்கப் பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி செடி படரணும்னு ஆசைப்படுறீங்களா? அப்படின்னா செடி நட்ட அன்னைக்கே தொட்டியை நிரப்பாதீங்க. ஆறு வாரம் வெறும் ஈர மண்ணில் வளர விடுங்க. வேர் பிடிச்ச பிறகு தண்ணி ஊத்துங்க. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஏன், எப்படிங்கிற கதை.

நெல்லுக்கும் பட்டுச்சேலைக்கும் பேர் வாங்கின ஆரணிப் பக்கத்தில் கழனி வேலை செய்யுறவனுக்கு மீன்தொட்டியைப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். சென்னையில் இருக்கிற என் அக்கா மகன் நாலு மாசத்துக்கு முன்னாடி போன் பண்ணி, "மாமா, இந்த மாதிரி வளர்க்கிறதுக்கு ட்ரை ஸ்டார்ட்னு பேரு. புது டெக்னிக்"னு சொன்னான். முழுசாகக் கேட்டேன். "டேய், இது புழுதிக்கால்டா"ன்னேன்.

நகரத்தில் இருக்கிறவங்களுக்குப் புழுதிக்கால் என்றால் என்னன்னு சொல்லிடுறேன். நெல்லை நாத்து விட்டு, சேடை ஓட்டின கழனியில் நடுறது சேற்றுக்கால். அதுதான் படத்தில் எல்லாம் நீங்க பார்க்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கமும், தெற்கே ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமும் இன்னொரு முறை உண்டு. காஞ்ச நிலத்தைப் புழுதியாக ஓட்டி, வர்ற மழையை நம்பி நெல்லை நேராக விதைச்சிடுவாங்க. முப்பது, நாற்பது நாள் அது புன்செய்ப் பயிர் மாதிரியே வளரும். அதுக்கப்புறம் வடகிழக்குப் பருவமழை இறங்கி ஏரி நிரம்பும். மதகு திறந்ததும் தண்ணி கட்டி, அதே பயிரை நன்செய்யாக மாத்திடுவாங்க. பாதி வாழ்க்கை புழுதியில், மீதி தண்ணியில். ஏரி நிரம்புற நாள் யாருக்கும் தெரியாது என்பதால், தண்ணி வர்றதுக்குள்ள வேரை முடிச்சு வைக்கிற ஏற்பாடு இது.

தொட்டியிலும் கதை இதேதான். மான்டே கார்லோ, டுவார்ஃப் ஹேர்கிராஸ், கியூபா நாட்டிலிருந்து வந்த ஹெச்.சி. மாதிரி கம்பளச் செடிகள் பலவும் பிறவியில் முழு நீர்ச்செடி கிடையாது. ஆத்தோரம், ஓடைக்கரையில் வளர்றவை. தண்ணி ஏறினா முங்கும், வத்தினா வெளியே நிற்கும். டென்மார்க்கின் டிராபிகா மாதிரி பெரிய பண்ணைகளிலேயே இந்தச் செடிகளைப் பசுமைக்குடிலில் தண்ணிக்கு மேலேதான் வளர்க்கிறாங்க. கடையில் வாங்கி வர்ற செடியின் இலை பெரும்பாலும் காத்தில் பிறந்த இலை. அதை வாங்கின அன்னைக்கே ஒன்றரை அடி தண்ணிக்குள்ள முக்கினால் என்ன ஆகும்? வேரும் இல்லை, பழகின காத்தும் இல்லை. இலை கண்ணாடி மாதிரி வெளிறிக் கரையும். பாதி பிடுங்கிக்கிட்டு மேலே மிதக்கும். மிச்சத்தைப் பாசி மூடும். அக்கா மகனுக்கு முதல் தடவை நடந்தது இதுதான்.

காரணம் எளிமையானது. செடிக்குச் சோறு கார்பன் டை ஆக்சைடு. காத்தில் பரவுறதைவிட தண்ணியில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். காத்தில் இருக்கிற செடிக்கு அது இலவசம். தண்ணிக்குள்ள இருக்கிற செடிக்குச் சிலிண்டர் வெச்சு ஊட்டணும். அந்த இலவசச் சாப்பாடு கிடைக்கிற காலத்திலேயே வேரையும் கொடியையும் வளர்த்துக்கோன்னு விடுறதுதான் இந்த முறை.

செய்முறை பெரிய வித்தை இல்லை. தொட்டியில் செடி மண்ணைப் போட்டு, முன்பக்கம் தாழ்வாகவும் பின்பக்கம் உயரமாகவும் சரிச்சு வைங்க. மண் முழுக்க நனையணும், ஆனால் மேலே தண்ணி தேங்கக் கூடாது. நாத்து முடியைப் பிரிக்கிற மாதிரி செடியைச் சின்னச் சின்ன கொத்தாகப் பிரிச்சு, ஒரு விரல் இடைவெளியில் நடுங்க. மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுங்க. தினம் ஒரு தடவை அஞ்சு, பத்து நிமிஷம் திறந்து காத்து விட்டு, தேவைப்பட்டா தண்ணி தெளிங்க. விளக்கு பத்து மணி நேரம் எரியட்டும். நம்ம ஊர் வெயிலில் ஜன்னலோரம் மட்டும் வைக்காதீங்க. மூடின கண்ணாடித் தொட்டி மதியத்துக்குள்ள இட்லிப் பானை ஆகிடும்.

புழுதிக்காலில் பெரிய எதிரி களை. தண்ணி நிக்காத கழனியில் களை நெல்லை முந்தும். தொட்டியில் அந்த இடத்தைப் பிடிக்கிறது பூஞ்சணம். வெள்ளையாக நூல் மாதிரி தெரிஞ்சா, ஈரத்தைக் குறைச்சு, காத்தைக் கூட்டுங்க. அழுகின இலையை உடனே எடுத்துடுங்க.

நாலிலிருந்து எட்டு வாரத்தில் தரை மூடும். ஒரு கொத்தை லேசாக இழுத்துப் பாருங்க. வராமல் மண்ணோடு சேர்ந்து அசைஞ்சா வேர் பிடிச்சிடுச்சு. அப்புறம் செடிமேல ஒரு தட்டோ பிளாஸ்டிக் தாளோ வெச்சு, அதன்மேல மெதுவா தண்ணி விடுங்க.

இங்கேதான் நெல்லும் கம்பளச் செடியும் பிரியுது. நெல் தண்ணியில் நின்னாலும் தலை வெளியே இருக்கும். இலை வழியாக வாங்கின காத்தைத் தண்டுக்குள்ள இருக்கிற வெற்றிடம் வழியாக வேருக்கு இறக்கிக்கும். அதே நெல் தலை முங்கி ஒரு வாரம், பத்து நாள் கிடந்தா அழுகிடும். வெள்ளம் பார்த்த எந்த விவசாயியும் சொல்லுவான். கம்பளச் செடிக்குத் தலையும் முங்குது. பழைய இலை உதிர்ந்து, தண்ணிக்கு ஏத்த மெல்லிய புது இலை விடணும். அதுக்கான பலம் வேரில்தான் இருக்கு. அதனால் தண்ணி விட்ட முதல் சில வாரம்தான் நிஜமான பரீட்சை. விளக்கை ஆறேழு மணி நேரமாகக் குறைங்க. அடிக்கடி பாதித் தண்ணியை மாத்துங்க. மீனை உடனே விடாதீங்க. புது மண்ணிலிருந்து அம்மோனியா இறங்கும். சோதனை மருந்து வாங்கிப் பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆன பிறகுதான் மீன். செடி செத்தா பணம் போகும், மீன் செத்தா உயிர் போகும்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருக்கிறவங்க முதல் நாளே தண்ணி விட்டும் வளர்க்கிறாங்களேன்னு கேட்பீங்க. உண்மைதான். பணமும் தினசரிக் கவனிப்பும் இருந்தா முடியும். சிலிண்டர் இல்லாதவங்களுக்கு நான் சொல்றது வேற. நீங்க ஹெச்.சி. பக்கமே போகாதீங்க. ஈர மண்ணில் அழகாகப் படர்ந்துட்டு, தண்ணி விட்டதும் உங்களை ஏமாத்தும். இலங்கைச் செடியான கிரிப்டோகோரைன் பார்வா இருக்கு, ஆரை இருக்கு. மெதுவா வளரும், ஆனா நிலைக்கும்.

ஆரையா? ஆமாம், நம்ம கழனி ஆரைக்கீரைதான். நாலு இலையோட வரப்போரம் படர்ந்து கிடக்கிற அதே குடும்பம். நாங்க களைன்னு பிடுங்கிப் போடுறதோட உறவுக்காரச் செடி, தொட்டிக் கடையில் சின்னக் கிண்ணத்தில் மார்சீலியாங்கிற பேரில் விலைக்கு வருது. கழனி ஆரையைக் கொண்டுபோய் வைக்கலாமான்னு கேட்காதீங்க. அது தண்ணிக்குள்ள காம்பை நீட்டி இலையை மேலே மிதக்கவிடப் பார்க்கும். பூச்சிமருந்தும் நத்தையும் சேர்ந்தே வரும். கம்பளத்துக்குக் கடையில் விற்கிற குட்டை வகைதான் சரி.

எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. தண்ணிக்கு முன்னாடி வேர் வளர்க்கிற இந்த வேலையைக் கண்ணாடித் தொட்டியில் செஞ்சா டெக்னிக்கு. அதையே கழனியில் செஞ்சா, "தண்ணிக்கு வழியில்லாதவன் விவசாயம்". நட்டு, தண்ணி தேக்கி வளர்க்கிறதுதான் கௌரவம்னு எங்க ஆளுங்களே நினைக்கிறாங்க. எங்க ஆரணியை ஒட்டி ஓடுற கமண்டல நாகநதி வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகத்தான் கிடக்கு. கிணத்துத் தண்ணி வருஷா வருஷம் கீழே போகுது. இந்த நிலைமையில் நேரடி விதைப்பைப் பத்தி வேளாண்மைத் துறைக்காரங்க இப்போ பேசுறதை நான் வரவேற்கிறேன். களை எடுக்க ஆள் கிடைக்காதுங்கிற கஷ்டமும் அதில் உண்டு, மறைக்க வேண்டாம். ஆனாலும் சேடை ஓட்டவே குளம் குளமாகத் தண்ணி இறைக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்.

நெசவுத் தெருவில் கேட்டாலும் இதையேதான் சொல்லுவாங்க. பாவு சரியாக நீட்டி, இழை இழையாகப் பார்த்து, தறியில் ஏத்தின பிறகுதான் ஊடை ஓடும். பாவில் அவசரப்பட்டவன் சேலை கண்டதில்லை.

அதனால, உங்க வீட்டுக்கு வர்றவங்க தண்ணியில்லாத தொட்டியைப் பார்த்து "என்ன, காலியா கிடக்கு?"ன்னு கேட்டா, "பயிர் வெச்சிருக்கேன், இன்னும் ஏரி நிரம்பலை"ன்னு சொல்லுங்க. ஆறு வாரம் பொறுங்க. நெல்லுக்கு நாங்க அதைவிட அதிகமா பொறுக்கிறோம்.