பட்டுப் புடவை விற்கும் செல்போன்

வேலூரிலிருந்து ஆரணிக்குப் போகும் வழியில் இருக்கிறது கண்ணமங்கலம். இந்தப் பக்கமெல்லாம் பட்டு நெசவு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

தறி உள்ள வீட்டில் பெண்ணுக்கு ஓய்வு ஏது? தார் சுற்ற வேண்டும். அறுந்த இழையை முடிய வேண்டும். பல வீடுகளில் நெய்பவளும் அவளே. 2019-20-ல் மத்திய அரசு எடுத்த கணக்கின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் 100-க்கு 72 பேர் பெண்கள்!

ஆனால் புடவையைக் கடைக்குக் கொண்டுபோய் விலை பேசுவது ஆண்களின் வேலையாகவே இருந்து வந்தது. என்ன விலைக்குப் போயிற்று என்பதுகூட வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்.

செல்போன் இதை மாற்றி வருகிறது. முந்தானையை விரித்துப் படம் எடுத்து அனுப்பினால், கோயம்புத்தூரில் இருப்பவர் உடனே பார்க்கிறார். "வேறு கரை உண்டா?" என்று கேட்கிறார். 2016-ல் வந்த யு.பி.ஐ. முறையில் பணம் அனுப்புகிறார். புடவை தபாலில் போகிறது. சோறு கொதிக்கும் நேரத்தில் வியாபாரம் முடிகிறது. (சோறு குழைந்து போவதும் உண்டு!)

புடவை யாருடையது?

சிக்கல் இங்கேதான். பல வீடுகளில் பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தவை. நெய்தால் கூலி. தறியில் இருக்கும் புடவையை விற்க நெய்தவளுக்கு உரிமை இல்லை. தறியையே தொடாதவர் படம் அனுப்பி லாபம் பார்க்கிறார். நெய்தவள் கூலியோடு நிற்கிறாள். சொந்தமாக விற்க வேண்டுமானால், போனுக்கு முன்னால் பாவுக்குப் பணம் வேண்டும். மகளிர் குழுக் கடனும், 2015-ல் தொடங்கிய முத்ரா கடனும் இதற்கு உதவும். முத்ரா கடனுக்கு ஈடு கேட்பதில்லை.

அடுத்தது, போன் யாருடையது? 2019-21 குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஒரு முறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 100-க்கு 33 பேர். ஆண்கள் 57 பேர். ஒரே போன் உள்ள வீட்டில் கணவர் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனால், மனைவியின் கடைக்குப் பூட்டு விழுந்த மாதிரிதான். பணமும் அவர் கணக்கில்தான் சேரும்.

ஜன்தன் திட்டத்தில் பணம் கட்டாமலே கணக்குத் தொடங்கலாம். அந்தக் கணக்கோடு தன் பெயரில் உள்ள போன் எண்ணை இணைத்துவிட்டால், விற்ற பணம் நேரே அவளுக்கு வரும். ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். யு.பி.ஐ. ரகசிய எண் பணம் கொடுப்பதற்குத்தான். "பணம் அனுப்புகிறேன், உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று எவராவது சொன்னால், அவர் புடவை வாங்க வந்தவர் அல்ல. திருடர்!