கடல் காற்று காத்திருக்கிறது

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பேசினால், பேச்சைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். முப்பந்தல் காற்றாலைகள் அந்தக் காற்றில்தான் சுழல்கின்றன. தெற்கே கடலிலும் பலத்த காற்று வீசுகிறது. அங்கே ஒரு காற்றாலைகூட மின்சாரம் தரவில்லை.

டென்மார்க் 1991-லேயே விண்டெபி கடலில் 11 காற்றாலைகளை நிறுவிவிட்டது. எல்லாம் சேர்ந்து சுமார் 5 மெகாவாட். இன்று பிரிட்டனின் ஹார்ன்சீ 2 திட்டத்தில் ஒரு காற்றாலையே 8 மெகாவாட். அப்படி 165 நிற்கின்றன.

இந்தியா இதற்கான கொள்கையை 2015-ல் வகுத்தது. தமிழகத்திலும் குஜராத்திலும் தலா 500 மெகாவாட் அமைக்க, துறைமுக மேம்பாடு உட்பட 7,453 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 ஜூனில்தான். இடையில் ஒன்பது ஆண்டுகள்!

கடலில் தூண் நடுவதற்குச் செலவு அதிகம், மறுப்பதற்கில்லை. தனிக் கப்பல், வசதியான துறைமுகம், கடலடிக் கேபிள் எல்லாம் வேண்டும். ஆனால், தள்ளிப்போடுவதால் விலை இறங்காது. ஐரோப்பாவில் திட்டங்கள் பெருகப் பெருகத்தான் இறங்கியது.

தூண்கள் எங்கே வரும், வலை எங்கே விரிக்கலாம் என்பதை மீனவர்களோடு உட்கார்ந்து முதலில் பேசுங்கள். பிறகு தமிழகத்தின் 500 மெகாவாட்டுக்கு நாள் குறியுங்கள்.